கொறங்காட்டைத் தரிசு என்று எழுதாதீர்கள்: தீவனத் திட்டம் வகுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி பக்கம் கொறங்காடு என்னும் வேலியடைத்த மேய்ச்சல் காடு வைத்து மாடும் ஆடும் வளர்க்கிறவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். மானாவாரிப் பகுதிக்குத் தீவன உதவி என்று இந்த ஆண்டும் வந்திருக்கும் பட்டியலில் தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் கம்பு நேப்பியர் தீவனப் புல்லின் கரணை இருக்கிறது, மறுதாம்புச் சோள விதை இருக்கிறது, புல் நறுக்கும் கருவி இருக்கிறது. மூன்றுக்கும் பாசன வசதிச் சான்று கேட்கிறீர்கள். மானாவாரிக்காரனிடம் கிணற்றைக் காட்டச் சொல்லும் மானாவாரித் திட்டம் இது. எங்கள் காட்டில் மழையை மட்டும் நம்பி நிற்கும் கொழுக்கட்டைப் புல்லுக்கு அதில் ஒரு வரி கிடையாது. கேட்கப் போனால் கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலைப் புரட்டிவிட்டு, "உங்க பூமி தரிசுன்னுதானுங்களே இருக்குது" என்று பதில் வருகிறது.

தரிசு என்று யார் எழுதினார்கள், எதை வைத்து எழுதினார்கள் என்பதில்தான் எங்கள் வழக்கே இருக்கிறது.

நிலப் பயன்பாட்டுக் கணக்கில் ஒன்பது வகை. இந்த ஒரு வருஷம் மட்டும் பயிர் வைக்காத பூமி நடப்புத் தரிசு. ஒன்றிலிருந்து ஐந்து வருஷம் வரை பயிர் வைக்காவிட்டால் இதர தரிசு. அதற்கும் மேல் போனால் சாகுபடிக்கேற்ற தரிசு. கம்புக்கும் சோளத்துக்கும் இந்த அளவுகோல் சரி. கொழுக்கட்டைப் புல் பல்லாண்டுப் பயிர். ஒருமுறை தூர் பிடித்துவிட்டால் ஏர் படாமல் பல வருஷம் நிற்கும், அதற்காகத்தான் அதை வளர்க்கிறோம். உங்கள் கணக்கின்படி ஒருவர் எவ்வளவு நன்றாகப் புல்லைக் காப்பாற்றுகிறாரோ அவ்வளவு சீக்கிரம் அவர் பூமி தரிசிலும் கீழ்த்தரத் தரிசாக இறங்குகிறது. இத்தனைக்கும் அதே ஒன்பதுக்குள் 'நிரந்தர மேய்ச்சல் நிலமும் பிற மேய்ச்சல் நிலமும்' என்று தனி வகை ஒன்று உண்டு. நடைமுறையில் அதைப் புறம்போக்கு மேய்க்காலுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டார்கள். பட்டா பூமியில் புல் வளர்த்தால் எழுத இடமில்லை என்கிறார்கள்.

வேறு மாவட்டத்திலிருந்து மாறுதலாகி வந்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறோம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கொறங்காடு. செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி. வருஷத்துக்கு 600, 650 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் விழுவது. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கே காற்றுதான் வரும். தானாக முளைத்த புதர்க்காடு என்று காரிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். கிளுவையைக் கோடையில் இலை உதிர்ந்து நிற்கும்போது போத்தாக, அதாவது கிளைத் துண்டாக, வெட்டி நெருக்கமாக ஊன்றினால் மழை விழுந்ததும் துளிர்க்கும். முள் அடர்ந்து மாடு புகாத வேலியாகச் சில வருஷம் பிடிக்கும். நடுவில் பட்டுப்போன இடத்தில் ஒவ்வொரு வருஷமும் புதுப் போத்து ஊன்ற வேண்டும். கிளையை மடக்கிப் பின்ன வேண்டும். ஒரு சந்து விட்டால் ஆடு கண்டுபிடித்துவிடும். வெள்வேலத்தின் நிழல் மெல்லியது, அடியில் புல் சாகாது. புல் காய்ந்து நிற்கும் கோடையில் அதன் காய் உதிரும். மேச்சேரி ஆட்டுக்கு அதுதான் அந்த மாதங்களின் தீனி. இவ்வளவும் ஆள் வைத்துச் செய்கிற வெள்ளாமை.

இனி புல்லுக்கு வருவோம். உங்கள் அலுவலகத்தில் யாராவது கொழுக்கட்டைப் புல் விதையைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. கதிரிலிருந்து உருவினால் உள்ளங்கையில் வந்து விழுவது தானியமே இல்லை. சுணை சுற்றிய சிறு பொதி. ஊதினால் பறக்கும். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உருண்டை உருண்டையாகத் திரளும். ஒரு பொதியை நகத்தால் பிரித்தால் உள்ளே ஒன்றிரண்டு மணி இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். வெயிலில் காய்ந்த பூவில் மணி பிடிக்காது. கதிர் முற்றும் முன் உருவினாலும் பதர்தான். வெளியிலிருந்து பார்த்தால் நிறைந்த பொதிக்கும் வெற்றுப் பொதிக்கும் வித்தியாசம் தெரியாது. எனவே எடையை மட்டும் வைத்து இந்த விதையை வாங்குவதும் விற்பதும் ஏமாற்றில் முடியும். நூறு பொதியை எண்ணி எடுத்துப் பிரித்து, எத்தனையில் மணி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இன்னொரு நூறை ஈரச் சாக்கில் வைத்து இரண்டு வாரம் முளைப்பு எண்ண வேண்டும். இந்த இரண்டு எண்ணும் பையின் மேல் இல்லாவிட்டால் அந்தப் பை வெறும் சுணை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

அடுத்த கோளாறு உறக்கம். புதிதாக உருவிய விதை முளைக்காது. ஆறு எட்டு மாதம் காற்றோட்டமான, ஈரம் படாத இடத்தில் கிடந்தால்தான் முளைப்புக்குத் தயாராகும். மாசியில் உருவியதைப் புரட்டாசி மழைக்கு விதைக்கலாம். ஐப்பசி மழைக்குக் கதிர் வாங்கி மார்கழியில் உருவியதை அடுத்த சித்திரைக் கோடைமழைக்கே விதைத்தால் பாதிகூட முளைக்காது. விதைப் பண்ணையிலிருந்து வந்த சூட்டோடு விதையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மூன்றாம் மாதம் வந்து வயலைப் பார்த்து, 'விவசாயி பராமரிக்கவில்லை' என்று எழுதியதை இந்தப் பக்கத்தில் பலர் பார்த்திருக்கிறார்கள். பையில் அறுவடை செய்த மாதம் அச்சிட்டிருந்தால் அந்தக் குறிப்பை எழுத வேண்டி வந்திராது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நீலக் கொழுக்கட்டைப் புல் கோ 1 என்று ஒரு ரகம் கொடுத்திருக்கிறது. அதற்கான பரிந்துரையும் அச்சில் இருக்கிறது: எக்டருக்கு 6 முதல் 8 கிலோ விதை, 50 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசை, வரிசைக்குள் 30 சென்டிமீட்டர், 5 டன் தொழுவுரம், விதைத்து 70, 75 நாளில் முதல் அறுப்பு. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் இரண்டரையிலிருந்து மூன்றே கால் கிலோ விதை. ஆனால் மாதிரிக்கு என்று ஆளுக்கு ஒரு கிலோ தருவது வழக்கமாகிவிட்டது. ஒரு கிலோ மூன்றில் ஒரு பங்கு ஏக்கருக்குத்தான் வரும். அதைத் தனியாக வேலி கட்டிக் காக்க முடியாது; முழுக்காட்டோடு சேர்த்து விட்டால் முதல் வருஷமே மாட்டு வாயில் போகும்.

விதைக்கும் முறையிலும் பயிற்சிக் கூட்டங்களில் சொல்வதற்கும் காட்டில் நடப்பதற்கும் தூரம் அதிகம். இரண்டு உழவு ஓட்டி, கட்டி உடைத்து, மேல்மண் அமர்ந்திருக்க வேண்டும். பொலபொலவென்று கிடக்கும் புழுதியில் போட்டால் முதல் மழைக்கே விதை ஆழத்தில் இறங்கிவிடும். இந்த விதைக்கு ஒரு சென்டிமீட்டர் மண்ணுக்கு மேல் ஆகாது. சோளம் விதைக்கிற கொழுவில் போட்டால் அதோடு போயிற்று. சுணையால் விதை கையை விட்டுப் பிரியாது, காற்றில் ஒரே பக்கம் அடித்துக்கொண்டு போகும். அதனால் ஒரு பங்கு விதைக்கு மூன்று நான்கு பங்கு ஈர மணலோ சலித்த எருவோ கலந்து பிசிறித் தூவுகிறோம். எறும்புத் தொல்லை உள்ள காட்டில் செம்மண்ணும் சாணியும் குழைத்துச் சிறு உருண்டைகளாகப் பிடித்து நிழலில் காயவைத்துப் போடுவதும் உண்டு. தூவியதும் வெள்வேல முள்ளுக் கிளையைக் கட்டி ஒருமுறை இழுத்தால் போதும், அதுவே மூடும் மண். தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் இந்தப் புல் பிழைக்காது. கரிசல் களியிலும் முளைப்பு சிரமம்.

விதைக்கும் பட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. புரட்டாசியில் மண் நனைந்து சூடு அடங்காமல் இருக்கும் நாட்களில் விதை மண்ணில் இருக்க வேண்டும். கார்த்திகை பாதியில் வந்து சேரும் விதைக்கு இனி வரும் மழை அதிகம் இல்லை, இரவுக் குளிர்தான் இருக்கிறது. அது முளைத்தாலும் வேர் இறங்கும் முன் தை வெயிலுக்குக் கருகும். கோப்பு நகர எவ்வளவு நாள் ஆகும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகையால் நிதி ஒதுக்கீட்டைச் சித்திரையிலேயே முடித்துக்கொள்ளச் சொல்கிறோம்.

விதைக்குப் பதில் தூர் பிரித்து நடலாமே என்பார்கள். நடலாம். இரண்டு மூன்று கிளைப்போடு வேருள்ள தூரைப் பிரித்து, தலையை ஒரு சாண் விட்டு வெட்டி, மழை ஈரத்தில் நட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும். 50க்கு 30 சென்டிமீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 27,000 குழி. அத்தனைக்கும் கூலி கொடுத்து நடுவது நடக்கிற காரியமில்லை. சொட்டை விழுந்த இடத்தை நிரப்பத்தான் தூர்.

முதல் வருஷம் புல் மெலிந்துதான் தெரியும். கீழே வேர் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த வருஷம் பார்த்தீனியத்தையும் மற்றக் களையையும் ஒருமுறை கையால் எடுத்துவிட்டு, மாட்டை உள்ளே விடாமல், கதிர் வாங்கி விதை உதிர விட்டுவிட வேண்டும். உதிர்ந்த விதை அடுத்த மழைக்கு முளைத்து இடைவெளியை நிரப்பும். இரண்டாவது பருவத்தில்தான் புல் அடர்ந்து காட்டை மூடும். மேய்ச்சலுக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. புல்லைக் கொத்தாகப் பிடித்து மாடு கடித்து இழுப்பதுபோல் வெடுக்கென்று இழுங்கள். இலை அறுந்து கையில் வந்தால் விடலாம். தூரோடு பெயர்ந்து வந்தால் இன்னும் காலம் ஆகவில்லை. ஆறாம் மாதத்தில் வந்து புகைப்படம் எடுத்து வெற்றி தோல்வி எழுதுகிற உங்கள் படிவம் நேப்பியருக்காக அடித்த படிவம். இந்தப் புல்லுக்கு 18 மாதமாவது கழித்து வர வேண்டும்.

மேய்ச்சலைப் பற்றி ஒரு நீண்ட விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 'மேய்ச்சலால் நிலம் கெடுகிறது' என்பது உங்கள் ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கொழுக்கட்டைப் புல் தன் சேமிப்பைத் தண்டின் அடிப்பகுதியில், தரையை ஒட்டிப் பருத்திருக்கும் கணுவில் வைத்திருக்கிறது. மழை பெய்ததும் துளிர்ப்பது அந்தச் சேமிப்பைச் செலவழித்துத்தான். முதல் மழைக்குப் பச்சை கண்ட உடனே மாட்டை விட்டால், செலவழித்ததை இலை சம்பாதித்துத் திருப்பிக் கொடுக்கும் முன் இலையே போய்விடும். இப்படி இரண்டு மூன்று பருவம் நடந்தால் தூர் நடுவில் செத்து வளையமாக நிற்கும். பிறகு அந்த இடத்தில் துத்தியும் சீமைக்கருவேலமும் வரும். ஆகவே புல் ஒரு முழம் தழையும்வரை அடைத்து வைத்து, நான்கு விரற்கடைக்குக் கீழே கடிக்க விடாமல் மாட்டை அடுத்த காட்டுக்கு ஓட்டிவிட வேண்டும். கொறங்காடுகளை நாலைந்து ஏக்கர் துண்டுகளாக வேலியிட்டு வைத்திருப்பது இந்தச் சுழற்சிக்காகத்தான். படலைத் திறப்பதும் சாத்துவதும்தான் இங்கே மேலாண்மை. வேலி விழுந்த காட்டில் சுழற்சி இல்லை, சுழற்சி இல்லாத காட்டில் புல் இல்லை. மேய்ச்சலால் கெட்ட காடு என்று நீங்கள் காட்டும் இடத்துக்கெல்லாம் போய் முதலில் வேலியைப் பாருங்கள்.

எத்தனை மாடு தாங்கும் என்று மேசையில் உட்கார்ந்து சொல்ல முடியாது, அளந்து சொல்லலாம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்து, காட்டில் பத்து இடத்தில் போட்டு, நான்கு விரற்கடை விட்டு மேலே உள்ளதை அறுத்து, நன்றாகக் காயவைத்து எடை போடுங்கள். சராசரி 100 கிராம் வந்தால் ஏக்கருக்கு 400 கிலோ காய்ந்த புல். அதில் பாதியைக் காட்டுக்கே விட்டுவிட வேண்டும். மீதி 200 கிலோ. 300 கிலோ எடையுள்ள காங்கேயம் மாடு ஒரு நாளைக்கு எட்டு கிலோ அளவுக்குக் காய்ந்த எடைத் தீனி தின்னும். ஆக அந்த ஒரு ஏக்கர் அந்த நேரத்தில் ஒரு மாட்டுக்கு 25 நாள். இந்த அளவை யார் வேண்டுமானாலும் ஒரு காலையில் எடுக்கலாம். வறட்சி வருஷத்தில் இதே சட்டத்தில் 20 கிராம் வரும். மீதி 80 கிராம்தான் எங்கள் இழப்பு. நெல் கருகினால் எத்தனை சதவீதம் என்று எழுதுகிறீர்கள். புல் கருகினால் 'பயிர் இல்லை, இழப்பு இல்லை' என்று எழுதுகிறீர்கள்.

காய்புல் விஷயத்தில் உங்கள் பட்டியல் சுத்தமாக மௌனம். நேப்பியரின் தண்டு தடிமன். நறுக்கினாலொழிய சீராகக் காயாது, உள்ளே ஈரம் நின்று பூசணம் பிடிக்கும். கொழுக்கட்டைப் புல்லின் தண்டு மெல்லியது, இலை அதிகம், இரண்டு மூன்று நாள் வெயிலில் காயும். கதிர் பாதி வெளியே வந்திருக்கும்போது அறுக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் எடை கூடும், புரதம் இறங்கும். பூக்கும் முன் எட்டு, பத்து சதவீதம் இருப்பது முற்றி வெளுத்த புல்லில் நாலு, அதற்கும் கீழ் வந்துவிடும். அந்தப் புல்லைத் தின்று மாடு வயிறு நிறைந்து எடை இழக்கும்.

சிக்கல் என்னவென்றால், கதிர் வாங்கும் நேரமும் ஐப்பசி அடைமழையும் ஒன்றாக வருகின்றன. அறுத்துப் போட்ட புல்லில் ஒரு மழை அடித்தால் சத்து கரைந்து ஓடிவிடும். ஆகவே அடைமழை முடிந்து வானம் வெளுக்கும் மார்கழிதான் அறுப்புக்குத் தோது. காலைப் பனி உலர்ந்த பிறகு அறுத்து மெல்லிசாகப் பரப்பி, மதியம் ஒருமுறை புரட்டி, சாயங்காலம் இறங்கும் பனிக்கு முன் வரிசையாக ஒதுக்கிவிட வேண்டும். மறுநாள் வெயில் ஏறியதும் மீண்டும் கலைத்துவிட்டு, இலை நொறுங்கத் தொடங்கும் முன் சின்னக் குவியலாக்கி நிழலில் ஆறவிட வேண்டும். நாள் கணக்கில் வெயிலில் விட்டால் பச்சை நிறம் வெளுத்துப்போகும். வைட்டமின் ஏ ஆகும் சத்து அந்தப் பச்சையோடுதான் இருக்கிறது. 75 சதவீதம் ஈரமுள்ள 100 கிலோ பச்சைப் புல், 15 சதவீத ஈரத்துக்கு வரும்போது சுமார் 29 கிலோ நிற்கும்.

15 சதவீதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு கைப்பிடிப் புல்லை நறுக்கி, காய்ந்த கண்ணாடிப் புட்டியில் போட்டு, ஒரு கரண்டி காய்ந்த உப்பைச் சேர்த்து மூடி இரண்டு நிமிஷம் குலுக்குங்கள். உப்பு உதிரியாகவே அடியில் நின்றால் போர் போடலாம். கட்டி தட்டினாலோ புட்டியில் ஒட்டினாலோ இன்னும் ஒரு வெயில் வேண்டும். ஈரத்தோடு போட்ட போர் உள்ளே சூடேறும், பழுப்பாகி நெடி வரும், பூசணம் பிடித்த பகுதியைத் தின்ற சினை மாட்டுக்கு ஆபத்து; பெரிய போராக இருந்தால் தானே தீப்பிடிக்கவும் செய்யும். தரையில் கல் பரப்பி மேலே வெள்வேலக் கட்டை போட்டு அதன்மேல் அடுக்கினால் கறையானும் கீழ் ஈரமும் ஏறாது. போர் மேலே சோளத்தட்டு வேய்ந்துவிடலாம் என்றாலும், ஓடு போட்ட ஒரு சின்னக் கொட்டகைக்கு ஈடாகாது. புல் நறுக்கும் கருவி கேட்காதவனுக்கும் தருகிறீர்கள். காய்புல் கொட்டகைக்கும், கையால் அழுத்திக் கட்டுகிற மரப்பெட்டிக்கும் கேட்டால் விதிமுறையில் இல்லை என்கிறீர்கள்.

புல்காட்டுக்கும் வயது உண்டு. பல வருஷம் நின்ற காட்டில் தழைச்சத்து முழுக்க வேரிலும் சருகிலும் போய்ச் சிக்கிக்கொள்ளும். புல் இருக்கும், ஆனால் கட்டையாக, வெளிறி நிற்கும். அப்போது ஆட்டுக்கிடை போட்டு, மேலாக ஒரு உழவு ஓட்டி, சோளமோ கம்போ விதைத்து ஒரு வெள்ளாமை எடுத்துவிட்டால் கட்டிக் கிடந்த சத்து அவிழும். மண்ணில் கிடக்கும் விதையும் பெயர்ந்த தூரும் மறுபடி பிடித்துக்கொள்ளும். கூடவே முயல் மசால் என்னும் பயறுவகைத் தீவனத்தை மூன்று வரி புல்லுக்கு ஒரு வரியாகச் சேர்த்தால் அடுத்த தேய்வு தள்ளிப்போகும். நரிப்பயறு நம் காடுகளில் தானாகவே வரும். அதை அழிக்காமல் விட்டாலே போதும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. புல்லைக் கிளறிச் சோளம் போட்ட அந்த ஒரு வருஷம் மட்டும் அடங்கலில் 'பயிர்' என்று ஏறும். புல் திரும்பி வந்ததும் மறுபடியும் தரிசு.

நேப்பியருக்கு நாங்கள் விரோதி இல்லை. தோட்டத்தில் தண்ணீர் உள்ளவர் கறவை மாட்டுக்கு வைக்கட்டும். எக்டருக்கு வருஷத்தில் 350, 400 டன் பச்சை என்று சொல்கிறீர்கள்; கோ 1 கொழுக்கட்டைக்கு நல்ல கவனிப்பில் 40 டன் என்பதுதான் பரிந்துரையில் உள்ள எண், எங்கள் சரளைக் காட்டில் அதுவும் வராது. பத்தில் ஒரு பங்குக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்பதுதானே உங்கள் கேள்வி? தண்ணீரையும் கணக்கில் சேருங்கள். நேப்பியருக்குப் பத்து நாளைக்கு ஒரு தண்ணீர். ஒரு தண்ணீருக்கு ஐந்து சென்டிமீட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு இரண்டு லட்சம் லிட்டர். மழை இல்லாத எட்டு மாதத்துக்கு 24 தண்ணீர், அதாவது 48 லட்சம் லிட்டர். ஆழ்துளைக் கிணறே காற்று வாங்கும் ஊரில் இந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று திட்டத்தை எழுதியவர் காட்ட வேண்டும். கொழுக்கட்டைப் புல்லுக்கு வானம் கொடுப்பது மட்டும். அறுத்துச் சுமக்கும் கூலியும் இல்லை. மாடு தானே நடந்துபோய் மேய்ந்து, அங்கேயே சாணி போடுகிறது. இந்த நடையில் வளர்ந்ததால்தான் காங்கேயம் மாட்டுக்கு அந்தக் குளம்பும் காலும் வந்தது. இனப் பாதுகாப்பு என்று காளைக்குக் கண்காட்சியும் பரிசும் நடத்திக்கொண்டு, அது மேயும் காட்டைத் தரிசுக் கணக்கில் விடுவது என்ன பாதுகாப்பு என்று எங்களுக்கு விளங்கவில்லை.

இதே புல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்திலும் அடக்க முடியாத களையாகப் பரவி, காட்டுத் தீக்கு எரிபொருளாகி நிற்கிறது. அந்த ஊர் மண்ணுக்கு அது வந்தேறி; இங்கே அது சொந்தப் புல், மாடும் ஆடும் சேர்ந்து அதை அளவில் வைத்திருக்கின்றன. வெளியிலிருந்து வந்த விதையைக் கொண்டுவந்து கொட்டும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இதை யோசிக்கட்டும். ஒரு பக்கம் குட்டையாகப் படர்வதும் இன்னொரு பக்கம் நெட்டையாக நிற்பதும் இதே புல்லின் வேறு வேறு வகை. அந்தந்த மண்ணில் நின்று பிழைத்த தூரிலிருந்து எடுக்கும் விதைக்கு ஈடு இல்லை. இந்தப் புல் பெரும்பாலும் மகரந்தம் கலக்காமலே தாயைப் போலவே விதை கட்டுகிறது என்பதால் நல்ல தூரைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவது சுலபமும்கூட.

தரிசு என்று எழுதுவதால் போவது உதவித்தொகை மட்டும் இல்லை. சூரிய மின் நிலையத்துக்கு இடம் தேடி வருகிறவர் முதலில் பார்ப்பது அந்தச் சொல்லைத்தான். 'பயனற்ற நிலம்' என்று அறிக்கையில் ஏறிவிடுகிறது. குத்தகைக்குக் கொடுக்கும் சொந்தக்காரரைக் குறை சொல்ல முடியாது. புல்லுக்கு மதிப்பில்லை என்று அரசே எழுதிக் கொடுத்த பிறகு அவர் என்ன செய்வார்? ஜேசிபி விட்டால் கிளுவை வேலி ஒரே நாளில் போய்விடும். பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துப் பிழைக்கும், சொந்த பூமி இல்லாத குடும்பங்களை எந்தக் கணக்கிலும் யாரும் கேட்பதில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை.

பட்டா பூமியில் பல்லாண்டுப் புல் வளர்ப்பதை அடங்கலில் 'மேய்ச்சல் புல்' என்று பயிராகப் பதிய, கிராம நிர்வாக அலுவலர்களுக்கு எழுத்து மூலமாக உத்தரவு வேண்டும். வேலியும் புல்லும் இருக்கும் காட்டை நேரில் பார்த்து எழுத வேண்டும். ஏர் படவில்லை என்பதை மட்டும் காரணமாக வைத்துத் தரிசுக்கு மாற்றக் கூடாது. மற்ற எல்லாக் கோரிக்கைக்கும் இதுதான் அடி. இது நடக்காமல் வேறு எது கொடுத்தாலும் எங்களுக்கு வந்து சேராது.

மானாவாரித் தீவன உதவிக்குப் பாசனச் சான்று கேட்பதை நிறுத்துங்கள். பட்டியலில் கொழுக்கட்டைப் புல், முயல் மசால் விதை, கிளுவைப் போத்து ஊன்றும் கூலி, காய்புல் கொட்டகை, கையால் கட்டும் பெட்டி இவற்றைச் சேருங்கள்.

விதையை ஏக்கருக்கு மூன்று கிலோ வீதம், குறைந்தது ஒரு வேலி அடைப்புக்கு முழுதாகக் கொடுங்கள். அறுவடை மாதம், மணி பிடித்த சதவீதம், முளைப்புச் சதவீதம் மூன்றும் பையில் இருக்க வேண்டும். ஆவணி முடிவதற்குள் விதை எங்கள் கைக்கு வர வேண்டும். அதற்குப் பிந்தினால் அந்த ஆண்டு கொடுக்காதீர்கள், அடுத்த பட்டத்துக்கு வைத்திருங்கள். விதையை வெளியில் வாங்குவதைவிட, ஊரிலேயே நல்ல காடு வைத்திருப்பவர்களிடம் உருவி வாங்குங்கள். உருவும் வேலை பெண்களுக்குக் கூலியும் ஆகும்.

வறட்சிக் கணக்கெடுப்பில் புல் இழப்பை மேலே சொன்ன மீட்டர்ச் சட்ட முறையில் அளந்து சேருங்கள். நல்ல மழை ஆண்டின் அளவை இந்த மார்கழியிலேயே எடுத்து வைத்தால்தான் ஒப்பிட எண் இருக்கும். அளக்க வரும் ஆளுக்குக் காட்டைக் காட்டவும் சட்டம் பிடிக்கவும் எங்களில் ஆள் தருகிறோம்.

கொறங்காட்டில் சூரிய மின் நிலையத்துக்கோ வேறு தொழிலுக்கோ அனுமதி தரும் முன், அந்தக் காட்டில் எத்தனை மாடு, எத்தனை ஆடு, யாருடையது மேய்கிறது என்று கேட்டு எழுதிய பிறகு முடிவு செய்யுங்கள்.

வரும் சித்திரைக்குள், எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், மறுத்தால் என்ன காரணம் என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்து மூலமாகப் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
கொறங்காட்டு விவசாயிகளும் மேய்ப்பவர்களும்